பெரிய ஆட்டத்துக்கு முன்னால் நாலு புளியமுத்து

பங்குனிப் பொங்கல் வந்தால் விருதுநகர் வீடுகள் நிறைந்துவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். சிவகாசிப் பக்கம் இதே கூட்டம் வேறு நாளில் கூடும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. வருஷம் முழுக்க ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்பியவர்கள் அப்போதுதான் சற்று கால் நீட்டி உட்காருவார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரிகிறது. பேரன் தன் பையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுக்கிறான். உள்ளே பலகை, அட்டைகள், மரக்காய்கள், பதினாறு பக்க விதிப் புத்தகம்.

அடுத்த இருபது நிமிடம் என்ன நடக்கும் என்பது இப்படிப் பெட்டி கொண்டுவந்த எல்லோருக்கும் தெரியும். பேரன் விதிகளைப் படிக்கிறான். சின்னப் பிள்ளை மரக்காயை வாயில் வைக்கிறது. மாமா செல்போனை எடுத்துவிடுகிறார். ஆலையில் குழாய் சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போன அத்தை, "நீங்க விளையாடுங்கப்பா, நான் ஏனத்தைக் கழுவிட்டு வாரேன்" என்று எழுந்துகொள்கிறார். அவர் திரும்பி வரப்போவதில்லை. அப்பத்தா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறார். எட்டுப் பேருக்கென்று விரித்த பாயில் கடைசியில் மூன்று பேர். மூன்று பேருமே கல்லூரியில் படித்தவர்கள்!

இந்த மாதிரி ராத்திரி கெட்டுப்போனதற்கு அந்தப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே இருப்பது நல்ல விளையாட்டாகவே இருக்கலாம். ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் 1995இல் வெளியிட்ட கட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். (பெயரைக் கேட்டால் சொக்கட்டானின் தம்பி போல இருக்கிறது. உறவு எதுவும் கிடையாது.) உலகம் முழுக்கப் பலகை விளையாட்டுப் பைத்தியத்தைப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அடிப்படைப் பெட்டியில் நாலு பேருக்குத்தான் இடம், ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பாட்டுக் களைப்பில் இருக்கும் எட்டுப் பேரை நேராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதுதான் தப்பு. அதற்கு முன்னால் கால்மணி நேரம் ஒரு சின்னப் பகடை ஆட்டம் வேண்டும். இந்த வழக்கம் வெளிநாட்டு விளையாட்டுக் குழுக்களிலும் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தை நிரப்பவே அதை ஆடுகிறார்கள். நம்மூர்க் கூடத்தில் அதற்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. யார் யார் ராத்திரி முழுக்கப் பாயில் இருக்கப் போகிறார்கள் என்பதே அந்தக் கால்மணி நேரத்தில்தான் முடிவாகிறது.

அதனால் அந்த முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு சாமர்த்தியமானது என்று பார்க்க வேண்டியதில்லை. இருப்பவர்களில் விளையாட்டுக்கு ரொம்பப் புதியவர் எவ்வளவு சீக்கிரம் உள்ளே வருகிறார் என்பதைப் பார்த்தால் போதும்.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு பெட்டி கொண்டுவந்த பேரனுடையது. "பகடை வெறும் அதிர்ஷ்டம், அதில் மூளைக்கு என்ன வேலை?" என்பான். சரிதான், அதிர்ஷ்டம்தான். அதற்காகத்தானே அது முதலில் வேண்டும்? எட்டு வயதுப் பிள்ளை அறுபது வயதுப் பெரியவரை முதல் கையிலேயே தோற்கடிப்பது அதிர்ஷ்டம் இருக்கும் ஆட்டத்தில் மட்டும்தான் நடக்கும். தோற்றவருக்கும் வெட்கம் இல்லை. "கட்டை விழலப்பா" என்று சொல்லிச் சிரித்துவிடலாம். சதுரங்கத்தில் தோற்றவரால் அப்படிச் சொல்ல முடியாது. அதிலும் இந்த ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழை பெய்தால் வெடியைக் காயப்போட முடியாது, வேலை நின்றுவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் பல மாதம் பூட்டிக் கிடந்தன. செய்த வேலையில் ஒரு குறையும் இல்லாமலேயே கூலி நின்றுபோவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் அதிர்ஷ்டம் முட்டாள்களுக்கு என்று சொன்னால் யார் முட்டாள்?

இரண்டாவது எதிர்ப்பு வீட்டுப் பெரியவர்களுடையது. இதைச் சட்டென்று ஒதுக்க முடியாது. பகடை என்றாலே சகுனி ஞாபகம்தான் வரும். தருமன் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் பந்தயம் வைத்துத் தோற்ற கதை இங்கே கூத்தாகவும் சொற்பொழிவாகவும் எத்தனையோ தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. திருக்குறளிலும் 94ஆவது அதிகாரம் முழுக்கச் சூதைப் பற்றித்தான். வீட்டில் தாயம் உருட்டினால் வீடு விளங்காது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயம் காரணம் இல்லாதது அல்ல. செல்போனில் பணம் வைத்து ஆடிக் குடும்பம் சிதைந்த செய்திகள் வந்துகொண்டே இருந்ததால்தான் தமிழ்நாட்டில் 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025இல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

ஆகவே காசு கூடாது. விளையாட்டுக்காக என்று அஞ்சு ரூபாய்கூடக் கூடாது. பாயில் காசு வந்த நிமிஷமே அதிர்ஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் சுதந்திரம் போய்விடும். ஒரு ராத்திரிக்கு எழுநூறு ரூபாய் சம்பாதிக்கிறவரும் எழுபதாயிரம் மாதச் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அஞ்சு ரூபாய் இரண்டு பேருக்கும் ஒன்றல்ல. ஆனால் காசை விலக்கச் சொல்லும் பெரியவர்கள் பகடையையும் சேர்த்து விலக்கச் சொன்னால் அவர்களுக்கு ஒரே பதில்தான். ஏகாதசி ராத்திரியை நினைத்துப் பாருங்கள்!

இதே மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் சொர்க்கவாசல் திறப்பார்கள். அந்த விரதத்துக்காக இரவு கண்விழிக்க வேண்டும், கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். பகடையே கூடாது என்ற வீடுகளிலும் அன்று மட்டும் பகடை உருளும். யோசித்துப் பார்த்தால் நம்மூரில் ராத்திரி முழுக்கக் கூடி விளையாடுவது பெங்களூர் காபிக்கடையிலிருந்து வந்த புது நாகரிகம் அல்ல. நாள் குறித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, விடியும்வரை ஆடிய ராத்திரி ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அதற்கும் பின்னால் போகலாம். வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை பக்கத்தில், சுற்றிலும் பட்டாசு ஆலைகள் இருக்கும் விஜயகரிசல்குளத்து மேட்டில், 2022 முதல் தொல்லியல் துறை மூன்று கட்டமாக அகழாய்வு செய்தது. சங்கு வளையல்களோடும் மணிகளோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் அங்கே கிடைத்தன. கீழடியில் தந்தத்தில் செய்த பகடையே கிடைத்திருக்கிறது. அதை உருட்டியவர்கள் என்ன விதியில் ஆடினார்கள் என்று மண் சொல்லாது. ஆனால் வேலை முடிந்த பிறகு யாரோ யாரையோ ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, எந்த ஆட்டம்? இங்கேதான் பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பரமபதத்தை முதலில் எடுத்துக்கொண்டால், விதி சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். பலகைக்கும் செலவில்லை. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அப்படி வளர்ந்த அச்சுத்தொழில் பிறகு நாடு முழுக்க நாட்காட்டி அனுப்பும் அளவுக்குப் பெரிதானது. நாலாக மடித்து விற்கும் வண்ணத் தாளுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன! ஆனாலும் பரமபதம் முன்னாட்டத்துக்குச் சரிப்படாது. உச்சிக்குப் பக்கத்தில் காத்திருக்கும் அந்தப் பெரிய பாம்பு ஆட்டத்தை எத்தனை மணிக்கு முடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏகாதசிக்கு அது நல்ல குணம், விடியும்வரை ஓட வேண்டுமே! பெரிய ஆட்டத்துக்கு முந்தைய கால்மணி நேரத்துக்கு அதுவே குறை.

அடுத்தது தாயம். பாசம் அதிகமாகக் கண்ணை மறைப்பது இங்கேதான். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் உரசி உருட்டும் சத்தத்துக்கே பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். செல்போன் லூடோவில் இல்லாதது இந்தச் சத்தம்தான். 2020 ஊரடங்கில் அது வீட்டுக்கு வீடு ஓடியது உண்மை. ஆனால் ஆளுக்கு ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, "மெஷின் ஏமாத்துது" என்று குறை சொல்லிக்கொண்டே ஆடினார்கள். கட்டையில் அந்தச் சந்தேகம் வராது. விழுந்ததை எல்லோரும் பார்க்கிறார்கள். (கட்டையை உருட்டாமல் நழுவவிடும் கில்லாடிகள் எல்லா ஊரிலும் உண்டு, அது தனிக் கதை.)

தாயத்தின் சிக்கல் அதன் வாசலில் இருக்கிறது. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே வரும். கட்டை ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டை உருண்டால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழுவது இரண்டே விதம். அதாவது எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு உருட்டல் உண்டு என்பது பரவலான வழக்கம். அது கொஞ்சம் உதவும், ஆனாலும் எட்டுத் தடவை உருட்டிய பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாயம் பார்க்காமலேயே உட்கார்ந்திருப்பார். ஆறு பேர் ஆடினால் இரண்டு பேர் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனம் கழுவப் போய்விடுவார். யாரை உள்ளே கொண்டுவர ஆட்டம் தொடங்கியதோ அவரையே வாசலில் நிறுத்துகிற விதி இது.

தீர்வைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டியதில்லை, அடுப்படியிலேயே இருக்கிறது. கட்டை வாங்க வசதி இல்லாத வீடுகளில் புளியமுத்தை வைத்துத்தான் தாயம் ஆடினார்கள். நாலு முத்தை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும். (தேய்த்த சூட்டோடு அதைப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பது பிள்ளைகளின் உபதொழில்.) நாலையும் குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை மேலே என்று எண்ணுவார்கள். ஒரே ஒரு வெள்ளை என்றால் தாயம். நாலு முத்தும் பதினாறு விதமாக விழலாம், அதில் ஒரே வெள்ளை விழுவது நாலு விதம். நாலு உருட்டலுக்கு ஒரு தாயம்! பித்தளையோடு ஒப்பிட்டால் வாசல் இரண்டு மடங்கு அகலம். எட்டுத் தடவை போட்ட பிறகும் தாயம் பார்க்காதவர் பத்தில் ஒருவர்தான் இருப்பார். தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் முத்து கணக்குப்படி அப்படியே விழாது, வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அது மாறட்டும். ஏழை வீட்டுச் சாமான் பணக்காரச் சாமானைவிட நல்ல ஆட்டம் தருகிறது என்ற முடிவு மாறாது.

அதோடு காய்களையும் குறைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரே காய். வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்ற விதியும் அன்றைக்கு வேண்டாம். முதல் காய் பழுத்ததும் ஆட்டம் முடிந்தது. "இது தாயமே இல்லை" என்று தாய வீரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். முழுத் தாயம் தனியாக ஒரு ராத்திரி கேட்கும் பெரிய ஆட்டம், கட்டானுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. அதைப் போய் இன்னொரு ஆட்டத்துக்கு முன்னால் அவசரமாக ஆடினால் அதற்குத்தான் மரியாதைக் குறைவு.

பிள்ளைகள் அதிகமாக இருந்தால் தாயம் இல்லாமலே ஒரு ஆட்டம் உண்டு, ஒற்றைப் பகடை போதும். மேல்நாட்டில் இதற்குப் பன்றி என்று பெயர். ஜான் ஸ்கார்ன் என்ற அமெரிக்கர் பகடை விளையாட்டுகளைப் பற்றி 1945இல் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. அந்தப் பெயரை வீட்டில் சொன்னால் சிரிப்பதிலேயே நேரம் போய்விடும், 'ஒன்று வந்தால் போச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தன் முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம், விழுந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகலாம். எப்போது நிறுத்துகிறாரோ அப்போது அது அவர் கணக்கில் சேரும். நிறுத்துவதற்குள் ஒன்று விழுந்தால் அந்த முறை சேர்த்தது எல்லாம் போச்சு. புத்தகப்படி நூறு எடுத்தவர் ஜெயித்தார். கூட்டம் பெரிதாக இருந்தால் ஐம்பது போதும்.

இதில் வேடிக்கை, தாயத்தில் எல்லோரும் கும்பிட்டுக் கேட்கும் அதே ஒன்று இங்கே எல்லோரும் பயப்படும் எண்ணாகிவிடுகிறது. பேரன் எதிர்பார்க்காத இன்னொன்றும் உண்டு, இதில் மூளைக்கும் வேலை இருக்கிறது. ஒரு உருட்டலில் சராசரியாகக் கிடைப்பது இரண்டிலிருந்து ஆறு வரை கூட்டிய இருபதில் ஆறில் ஒரு பங்கு. ஒன்று விழுந்தால் போவது, கையில் சேர்ந்திருப்பது முழுவதும். அதற்கும் ஆறில் ஒரு வாய்ப்பு. ஆகவே கையில் இருபது சேரும்வரை உருட்டுவது லாபம், இருபதைத் தாண்டினால் நஷ்டம். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சந்தைக் கணக்கில் பழகிய விருதுநகர் வியாபாரி ஒருவர் நாலு முறை ஆடினால் இந்தப் பதினெட்டு, இருபது எல்லையைத் தானாகவே பிடித்துவிடுவார். சின்னப் பிள்ளைகள் மட்டும் முப்பத்தைந்துக்குப் போய்ப் பறிகொடுத்துக் கத்துவார்கள். அந்தக் கத்தலில் அப்பத்தா விழித்துக்கொள்வார். அதுதானே வேண்டும்!

நடைமுறை விஷயம் ஒன்று. விருதுநகரில் கூட்டம் சேர்ந்தால் எண்ணெய்ப் பரோட்டா வராமல் இருக்காது. அந்தக் கையோடு அட்டைகளைத் தொட்டால் விலை கொடுத்து வாங்கிய பெட்டி அன்றோடு சரி. பகடையையும் புளியமுத்தையும் துடைத்துவிடலாம். ஆக முன்னாட்டம் பரோட்டா நேரத்திலேயே தொடங்கிவிடலாம், சாப்பிட்டு முடித்தவர் ஒவ்வொருவராக வந்து சேரலாம். பாதியில் வந்தவரையும் சேர்த்துக்கொள்கிற ஆட்டமாக இருப்பது அதனால்தான் முக்கியம். அத்தை கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாகக் கை கழுவி வருகிறவர். அவர் வரும்போது "அடுத்த ஆட்டத்துல சேர்ந்துக்கங்க" என்று சொல்லும்படி இருக்கக் கூடாது. முத்தை அவர் கையில் கொடுத்து "போடுங்க அத்தை" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். பெட்டி கொண்டுவந்த பேரன் அதற்குள் எழுந்துபோய் அந்த ஏனத்தைக் கழுவி வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, முன்னாட்டத்தில் ஜெயித்தவருக்கு என்ன பரிசு என்ற கேள்வி வரும். காசு இல்லை என்று முடிவாகிவிட்டது. மிட்டாய் கொடுத்தால் பிள்ளைகளுக்குள் சண்டை. சரியான பரிசு ஒன்றுதான், அடுத்து என்ன பெரிய ஆட்டம் என்று அவர் சொல்ல வேண்டும். பெட்டிக்காரப் பேரனுக்கு இது கசக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்திருக்கிறான். ஆனால் தாயம் அத்தைக்கு விழுந்து, அவர் காயும் முதலில் பழுத்து, அவர் பரணில் கிடக்கும் பல்லாங்குழியை எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். சோழியைத் தேடிப் பிடித்துத் தூசி தட்டுவதும் அவன் பொறுப்பு. கட்டானுக்கு மறுநாள் ராத்திரி இருக்கிறது, அப்போதும் புளியமுத்துதான் முதலில்.